போர்ட் போகேல்ல, ரிப்பன்தான் போயிருக்கு: பட்டைக் கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமா

"போர்ட் போயிட்டுது அண்ணை, இனிச் செலவழிக்கிறது வீண், புதுசா ஒண்டு எடுங்கோ" எண்டு சொல்லித் திருப்பி அனுப்பின லப்டொப், பிரிண்டர், ரிவி எண்டு வன்னியில எத்தினை வீட்டு அலுமாரிக்கு மேல தூசு பிடிச்சுக் கிடக்கு எண்டு யோசிச்சுப் பாருங்கோ. எல்லாமே போர்ட், அதான் உள்ளுக்க இருக்கிற மெயின் சர்க்கிட் பலகை, போனதில்லை. லப்டொப்பில டச்பாட் அசையாது, ஸ்கான் பண்ணினா பேப்பர் முழுக்கக் கறுப்பா வருது, ரிவியில சத்தம் வருது படம் வரேல்ல, இப்பிடியான பழுதுகளில கனக்கத்தைத் தேடிக்கொண்டு போனா கடைசியில ஒரு மெல்லிசான வெள்ளைப் பட்டைக் கேபிளில வந்து நிக்கும், ஒரு முனை கழண்டிருக்கும், இல்லாட்டி மடிஞ்ச இடத்தில உள்ளுக்க அறுந்திருக்கும், இல்லாட்டி முனையில கறை பிடிச்சிருக்கும். எங்கட கடைகளில இதை ரிப்பன் எண்டு சொல்லுவினம், ஃப்ளெக்ஸ் எண்டும் சொல்லுவினம், கம்பனிக்காரர் எழுதிற பேர் எஃப்எஃப்சி. இந்தக் கேபிள் எப்பிடிச் செய்யிறது, ஏன் பழுதாகுது, மாத்தேக்க எதைப் பாக்கோணும் எண்டது விளங்கினால் பாதிச் சாமான் குப்பைக்குப் போகாது எண்டு நான் உறுதியா நம்புறன், அதாலதான் இவ்வளவு நீட்டி எழுதுறன்.

எங்கட பக்கத்துக்கு இது ஏன் கூடத் தேவை எண்டால், கொழும்பில இருக்கிற ஒராளுக்கு ஒரு கேபிள் பிழைச்சால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு இன்னொருக்காப் போய் மாத்திக்கொண்டு வரலாம். கிளிநொச்சியில இருக்கிற ஒராளுக்கு அது முந்நூறு கிலோமீற்றருக்கு மேல, ஆரிட்டையாவது சொல்லி பஸ்ஸில பார்சல் போட்டு வாங்கினால் கேபிளின்ட பின் (முனையில வரிசையா இருக்கிற தொடுகை) அளவு பிழை, திருப்பி அனுப்பினால் கடைக்காரர் எடுக்கமாட்டன் எண்டுவார், ஒரு கிழமை போயிடும். அதோட 2022ல டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குக் கிட்டப் போன பிறகு புது லப்டொப் எண்டது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின்ட வீட்டுக்கு லேசான காரியமில்லை. 90களில தடை நேரம் பற்றரி கூட உள்ளுக்க வராத காலத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட சனம் எங்கட சனம், திருத்திப் பாவிக்கிற மனசும் கையும் இஞ்ச இருக்கு, இப்பத்தைய சாமானுக்குள்ள என்ன இருக்கெண்ட விபரம்தான் சரியாக் கைக்கு வந்து சேரேல்ல.

சரி, முதல்ல அது என்ன எண்டு பாப்பம். ஒரு வழமையான எஃப்எஃப்சி கேபிளில மெல்லிசாத் தட்டையாக்கின செப்புக் கம்பிகள் பக்கத்தில பக்கத்தில ஒரே இடைவெளியில ஓடும், மேலயும் கீழயும் பொலியெஸ்டர் பிலிம், அதான் பெற் எண்டு சொல்லுற பிளாஸ்டிக், ரெண்டுக்கும் நடுவில சூட்டில ஒட்டுற பசை. அவ்வளவுதான். செப்பின்ட தடிப்பு கூடுதலா 0.035 மில்லிமீற்றர், 0.05, சிலதில 0.1. ரெண்டு முனையிலயும் ஒரு பக்கத்துப் பிலிமை எடுத்துவிட்டுச் செப்பு வெளியில தெரியிற மாதிரி விட்டிருப்பினம், அதுக்கு மேல வெள்ளீயம் இல்லாட்டித் தங்க முலாம் பூசியிருக்கும், அந்த முனையின்ட மற்றப் பக்கத்தில நீலமா ஒரு தடிச்ச பட்டை ஒட்டியிருக்கும். அந்த நீலப் பட்டை சும்மா வடிவுக்கு இல்லை. கேபிள் மட்டும் எண்டால் சொக்கெட்டுக்குள்ள நேராப் போகாது, வளைஞ்சிடும், நீலப் பட்டையோட சேர்த்து முனையின்ட தடிப்பு பெரும்பாலும் 0.3 மில்லிமீற்றர் வரும், சொக்கெட்டும் அந்தத் தடிப்புக்குத்தான் செய்திருக்கு. அந்தப் பட்டை கழண்ட கேபிளைத் திரும்பச் செருகினால் உள்ளுக்க பிடி இருக்காது, இண்டைக்கு வேலை செய்யும், நாளைக்கு லப்டொப்பைத் தூக்கி மேசையில வைக்கேக்க நிண்டிடும்.

இதோட மாறுபடுற ரெண்டு கேபிள் இருக்கு. ஒண்டு பழைய கொம்பியூட்டருக்குள்ள ஹார்ட் டிஸ்க்குக்குப் போற சாம்பல் நிறக் கேபிள், ஓரத்தில சிவப்புக் கோடு போட்டது. அதில இருக்கிறது உருண்டை வயர், கனெக்டர் வயரின்ட தோலைக் குத்திக்கொண்டு உள்ள போய்ப் பிடிக்கும். மற்றது போனுக்குள்ள இருக்கிற செம்மஞ்சள் நிறத்துச் சாமான், அதான் உண்மையான ஃப்ளெக்ஸ், எஃப்பிசி எண்டுவினம். அது கேபிள் எண்டதை விட வளையிற ஒரு போர்ட் எண்டு சொல்லலாம், ஏனெண்டால் செப்புத் தகட்டை பொலிஇமைட் பிலிமில ஒட்டி, வேண்டாத இடத்துச் செப்பை மருந்தால அரிச்சு எடுத்து, விரும்பின வடிவத்தில கோடு போட்டுச் செய்யிறது, அதில சின்னச் சின்னப் பாகங்களையும் சோல்டர் பண்ணலாம். பொலிஇமைட்டை டியூபொண்ட் கம்பனி 1960களில கப்டன் எண்ட பேரில கொண்டு வந்தது, சந்திரனில இறங்கின அப்போலோ ஓடத்தைச் சூட்டில இருந்து காப்பாத்தவும் அதைப் பாவிச்சவை. தட்டையான செம்பைக் காப்புப் பொருளில ஒட்டி மின்சாரம் கொண்டு போகலாம் எண்ட யோசனை இன்னும் பழசு, 1903லயே அல்பேர்ட் ஹான்சன் எண்டவர் பிரிட்டனில அதுக்குக் காப்புரிமை எழுதியிருக்கிறார்.

இந்த வித்தியாசம் கடையில எங்க வேலைக்கு வரும் எண்டால் சூட்டில. பொலிஇமைட் சோல்டர் சூட்டைத் தாங்கும், பெற் தாங்காது, 80 பாகையைத் தாண்டினாலே இளகத் தொடங்கும், 250 பாகை தாண்ட உருகியே போயிடும். அறுந்த எஃப்எஃப்சியைச் சோல்டர் பண்ணி ஒட்டித் தாங்கோ எண்டு சிலபேர் கேக்கினம், ஏலாது, இரும்பை வைக்க முதலே பிலிம் சுருங்கிப் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து கெட்டுப்போகும். ஹொட் எயார், அதான் சோல்டர் உருக்கிற சூட்டுக் காத்து, அடிக்கேக்க பக்கத்தில இந்தக் கேபிள் பூட்டின படி இருந்தால் அதையும் கழட்டி வைக்கிறது நல்லம், சொக்கெட்டின்ட பிளாஸ்டிக் லொக் கூட வளைஞ்சு போகும். எஃப்பிசியில ஒரு கோடு அறுந்தால் மட்டும், கை படிஞ்ச ஒராள் மேல்ப் பிலிமைச் சுரண்டி மெல்லிய எனமல் கம்பியால பாலம் போட்டு எடுக்கலாம்.

இனி மடிக்கிற விசயத்துக்கு வருவம், இதுதான் கூடப் பேருக்குச் சரியா விளங்காத இடம். வளையிற கேபிள்தானே எண்டு எப்பிடியும் வளைக்கலாம் எண்டு நினைக்கினம். ஒரு தகட்டை வளைக்கேக்க வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசியும், நடுவில ஒரு கோடு இழுபடவும் மாட்டுது நசியவும் மாட்டுது. கேபிளைச் செய்யிறவை மேலயும் கீழயும் ஒரே தடிப்பில பிலிம் ஒட்டுறது செம்பை அந்த நடுக்கோட்டில வைக்கத்தான். ஆனாலும் செம்புக்கும் ஒரு தடிப்பு இருக்கு, அந்தத் தடிப்பை வளைவின்ட விட்டத்தால பிரிச்சால் செம்பின்ட தோல் எவ்வளவு இழுபடுது எண்டு வரும். 0.05 மில்லிமீற்றர் செம்பை 10 மில்லிமீற்றர் விட்டத்தில வளைச்சால் அரை வீதம், அது பெரிய விசயமில்லை. அதே கேபிளை நகத்தால அழுத்தித் தட்டையா மடிச்சால் மடிப்பின்ட விட்டம் கேபிளின்ட தடிப்பளவுதான், கால் மில்லிமீற்றர் எண்டு வைப்பம், கணக்குப் பாத்தால் 20 வீதம் வருது. மெதுவாக்கின செம்பு அதை ஒருக்காத் தாங்கும். ஒருக்காத்தான். குருத்தோலையை மடிச்சால் சொன்ன இடத்தில மடியும், காய்ஞ்ச பிறகு அதே மடிப்பை விரிச்சால் வெடிச்சு ரெண்டாப் போயிடும், செம்பில என்னெண்டால் அந்தக் காயிற வேலையை மடிப்பே செய்யுது, ஒருக்கா மடிஞ்ச இடத்தில செம்பு இறுகிப் போயிடும், விரிச்சு நேராக்கேக்கதான் வெடிக்கும்.

அதால ரிவிக்குள்ளயும் பிரிண்டருக்குள்ளயும் கம்பனியே மடிச்சு ஒட்டி வைச்ச கேபிளைப் பாத்தால் அந்த மடிப்பை நிமித்தி விடாதேங்கோ. அது ஒருக்கா மடிச்சு அப்பிடியே ஆயுசுக்கும் இருக்கட்டும் எண்டு செய்தது. தூசு துடைக்கிறன் எண்டு விரிச்சுத் துடைச்சுத் திரும்ப மடிச்சால் கேபிள் வெளியில பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ளுக்க ரெண்டு மூண்டு கம்பி மயிர்க்கோடு மாதிரி வெடிச்சிருக்கும், மல்ரிமீற்றர் வைச்சுத் தொடர்பு பாத்தால் பீப் சத்தம் கூட வரும், சூடானதும் விலகும், ஆறினதும் திரும்பத் தொடும். இந்த மாதிரிப் பழுதுதான் திருத்துற ஆக்களைப் பைத்தியமாக்கிறது. இதைப் பிடிக்க ஒரே வழி மீற்றரை பீப் சத்தத்தில வைச்சுக்கொண்டு ஒரு கம்பியின்ட ரெண்டு முனையிலயும் தொட்டபடி ஒராள் பிடிக்க மற்றாள் கேபிளை மெல்ல மெல்ல வளைச்சுப் பாக்கிறது, எந்த இடத்தில சத்தம் விட்டு விட்டு வருதோ அங்கதான் வெடிப்பு. மீற்றர்க் கூரால கேபிளின்ட நடுவில குத்திப் பாக்கிற பழக்கம் வேண்டாம், ஒரு பழுதைத் தேடப் போய் இன்னொண்டை உண்டாக்கிறது அது.

ஒருக்கா மடிச்சு வைக்கிற கேபிள் வேற, ஓடிக்கொண்டே இருக்கிற கேபிள் வேற. பிரிண்டரில மை அடிக்கிற தலை இங்கால அங்கால ஓடேக்க பின்னால யூ வடிவத்தில ஒரு கேபிள் இழுபட்டுக்கொண்டு போறதைப் பாத்திருப்பீங்கள். கொமினிகேசன் கடைகளில ஒரு நாளைக்கு எத்தினை பேப்பர் அடிக்கினம், ஒவ்வொரு வரிக்கும் அந்த வளைவு கேபிளின்ட நீளத்தில நகருது. அங்க செம்பு மெல்லிசா இருக்கோணும், வளைவு பெருசா இருக்கோணும். அந்த இடத்துக்கு 0.1 மில்லிமீற்றர்ச் செம்புக் கேபிளைப் போட்டால் பின் எண்ணிக்கை, நீளம் எல்லாம் சரியாப் பொருந்தினாலும் ஆயுசு இராது, தடிப்பு ரெண்டு மடங்கானால் இழுபடுறதும் ரெண்டு மடங்கு, மேல சொன்ன கணக்குத்தான். ஸ்கானர்க் கண்ணுக்குப் போற கேபிளும் இப்பிடித்தான், அது கண்ணாடிக்குக் கீழ மடிஞ்சு மடிஞ்சு போய் வரும். ஒரு பக்கத்தால தூசும் மணலும் புகுந்து கேபிளுக்கும் தட்டுக்கும் நடுவில உரசினால் பிலிம் தேய்ஞ்சு செம்பு வெளியில வந்திடும், முறிகண்டிப் பக்கமும் மல்லாவிப் பக்கமும் கோடை காலத்தில றோட்டோரக் கடைகளுக்குள்ள வாற செம்மண் தூசைத் தெரிஞ்ச ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வேலை முடிய ஒரு துணியால மூடி வைச்சாலே பெரிய உதவி.

வாகனத்திலயும் ஒண்டு இருக்கு, கனபேருக்குத் தெரியாது. வானின்ட, காரின்ட ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு வட்டப் பெட்டிக்குள்ள இதே பட்டைக் கேபிள் சுருளாச் சுத்தி இருக்கு, கிளொக் ஸ்பிரிங் எண்டுவினம். ஸ்டியரிங் எத்தினை சுத்துச் சுத்தினாலும் ஹோர்னுக்கும் எயார்பாக்குக்கும் வயர் அறாமல் போகோணும் எண்டதுக்கு அது. எயார்பாக் லைட் எரிஞ்சு கொண்டு, அதோட ஹோர்னும் அடிக்காமல் போனால் முதல்ல சந்தேகப்படவேண்டியது அதைத்தான். ஸ்டியரிங்கைக் கழட்டினவர் சுருளை நடுவில நிப்பாட்டாமல் பூட்டினால் ஒரு பக்கம் முழுக்க வெட்டேக்க கேபிள் இழுபட்டு அறும். இதில மட்டும் வீட்டில கை வைக்க வேண்டாம், பற்றரியைக் கழட்டிக் கொஞ்ச நேரம் விட்டுத்தான் தெரிஞ்ச ஆள் கூடத் தொடுவார், எயார்பாக் முகத்துக்கு நேர வெடிக்கிற சாமான்.

அடுத்தது முனை. "கழட்டிப் பூட்டினன், சரிவந்திட்டுது" எண்டு எத்தினை பேர் சொல்லக் கேட்டிருப்பீங்கள், அது உண்மைதான், அதுக்குக் காரணம் இருக்கு. வெள்ளீயம் காத்தில பட்டால் மேல ஒரு மெல்லிய ஒட்சைட் படை வரும், செருகேக்க சொக்கெட்டின்ட பல்லு அதைக் கீறிக்கொண்டு சுத்தமான உலோகத்தைத் தொடும். பிறகு ஜெனரேட்டர் அதிர்வு, பஸ்ஸில பாக்குக்குள்ள குலுங்கிறது, பகல் சூடு இரவு குளிர் எண்டு அந்தத் தொடுகை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு முன்னும் பின்னும் அசையும், ஒவ்வொரு அசைவிலயும் புது உலோகம் வெளியில வந்து அதுவும் ஒட்சைட் ஆகித் தூளாச் சேரும், கடைசியில நடுவில தூள் மட்டும் நிக்கும், கரண்ட் போகாது. கழட்டிப் பூட்டேக்க அந்தத் தூள் விலகுது. அதே காரணத்தால அது திரும்பவும் வரும், அதால கழட்டினதுதான் கழட்டினீங்கள், ரெண்டு பக்கத்தையும் 99 வீத ஐசோப்ரோபைல் அல்கஹோலில நனைச்ச பஞ்சால துடைச்சு, காய விட்டுப் பூட்டுங்கோ. பென்சில் அழிரப்பரால தேய்க்கிற முறையை நான் சொல்லமாட்டன், முலாம் மைக்ரோன் கணக்கில மெல்லிசு, ரெண்டு தரம் தேய்ச்சால் செம்பு வந்திடும், முல்லைத்தீவு, மன்னார் மாதிரிக் கடல்காத்து அடிக்கிற இடத்தில வெறுஞ்செம்பு பச்சை பிடிக்கக் கனநாள் எடுக்காது.

தங்க முலாம் போட்டது ஒட்சைட் ஆகாது, ஆனால் தங்கக் கேபிளை வெள்ளீயச் சொக்கெட்டிலயோ மாறியோ போட்டால் ரெண்டு உலோகமும் சேர்ந்து அரிப்பைக் கூட்டும், ஈரப்பதம் கூடின மாரி காலத்தில இன்னும் கெதியா. சொக்கெட்டுக்குள்ள பல்லு மஞ்சளா வெள்ளையா எண்டு டோர்ச் அடிச்சுப் பாத்து அதே நிறத்தில கேபிள் எடுங்கோ. இன்னொரு காரணமும் இருக்கு. 2006 யூலை 1ல இருந்து ஐரோப்பாவில ரோஸ் சட்டம் வந்து இலத்திரனியல் சாமானில ஈயத்தைக் குறைச்ச பிறகு முலாம் தனி வெள்ளீயமா மாறிச்சுது, தனி வெள்ளீயத்தை அழுத்திப் பிடிச்சால் அதில இருந்து மயிர் மாதிரி மெல்லிய ஊசிகள் வளரும். 0.5 மில்லிமீற்றர் இடைவெளிக் கேபிளில (ஒரு கம்பியின்ட நடுவில இருந்து அடுத்த கம்பியின்ட நடு வரைக்கும் அளக்கிறது) ரெண்டு கம்பிக்கு நடுவில இருக்கிற வெறும் இடம் 0.2 மில்லிமீற்றர்தான், ஒரு ஊசி பக்கத்துக் கம்பியைத் தொட்டால் சோர்ட். அதாலதான் நெருக்கமான கேபிள்களில தங்கம் போடுறது.

சொக்கெட்டைத் திறக்கத் தெரியாமல் உடைக்கிறது தனிக் கதை, அதைச் சுருக்கமாச் சொல்லுறன். சிலதில ஒரு சின்ன மூடி இருக்கும், நகத்தால மேல தூக்கினால் நிமிரும், சிலதில முன்னால, சிலதில பின்னால. சிலதில ரெண்டு காது தெரியும், ரெண்டையும் ஒரே நேரத்தில ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு வெளியில இழுக்கோணும், ஒரு பக்கத்தை மட்டும் இழுத்தால் அந்தக் காது முறியும். சிலதில லொக்கே இல்லை, நேரா இழுத்தால் வரும். எது எண்டு தெரியாட்டி இழுக்காதேங்கோ, போன் கமராவால பெருசாக்கிப் பாருங்கோ. பூட்டேக்க கேபிளில இருக்கிற குறுக்குக் கோடு சொக்கெட்டின்ட வாய்க்குச் சமாந்தரமா நிக்கோணும், கொஞ்சம் சரிஞ்சாலும் பல்லு பக்கத்துக் கம்பியைத் தொடும். எல்லாத்துக்கும் முதல் கரண்டை நிப்பாட்டி, லப்டொப் எண்டால் பற்றரியின்ட கனெக்டரையும் கழட்டிப் போடுங்கோ. ஸ்கிரீன்க் கேபிளைக் கரண்ட் இருக்கேக்க செருகி பாக்லைட்டுக்குப் போற பியூஸை எரிச்சால், அண்டைக்குத்தான் உண்மையா போர்ட் போகும்.

கரண்டின்ட கணக்கும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கோணும். 0.5 மில்லிமீற்றர்க் கேபிளில ஒரு பின்னுக்குப் பொதுவா அரை அம்பியர், 1 மில்லிமீற்றரில ஒரு அம்பியர், அதால கூடக் கரண்ட் தேவைப்படுற இடத்தில நாலைஞ்சு பின்னை ஒண்டாச் சேர்த்து விடுவினம். அதில ஒண்டு ரெண்டு தொடுகை கெட்டால் மிச்சம் இருக்கிற பின்னுகளுக்குச் சுமை கூடும், சூடாகி மண்ணிறமாக் கருகும். முனையில கருகின பின்னைப் பாத்தால் கேபிளை மட்டும் மாத்தினால் காணாது, சொக்கெட்டின்ட பல்லும் சூட்டில இளகிப் பிடி விட்டிருக்கும், அதையும் மாத்தோணும்.

ரிவியில இன்னொரு சிக்கல். மெயின் போர்ட்டில இருந்து பனலுக்குப் போற கேபிளில பெரும்பாலும் ஓடுறது எல்விடிஎஸ் எண்ட முறை, ஒரு சோடிக் கம்பியில ஒண்டு ஏறேக்க மற்றது இறங்கும், வித்தியாசம் வெறும் 350 மில்லிவோல்ற்றுக்குக் கிட்ட, அந்தச் சோடி 100 ஓம் எண்ட அளவில இருக்கோணும். அந்த 100 ஓம் கம்பியின்ட அகலத்தாலயும் இடைவெளியாலயும் மேல ஒட்டின அலுமினியத் தாளாலயும் வாறது. அதால பின் சரி, நீளம் சரி எண்டு சாதாரண வெள்ளைக் கேபிளைப் போட்டால் படம் வரும், ஆனால் புள்ளி புள்ளியா மினுங்கும், நிறம் மாறும். வெள்ளித் தாள் சுத்தின கேபிள் இருந்த இடத்துக்கு வெள்ளித் தாள் சுத்தினதுதான் வேணும், அந்தத் தாள் போர்ட்டின்ட கிரவுண்டைத் தொடுற இடத்தையும் மறக்கக்கூடாது. பழைய ஹார்ட் டிஸ்க் கேபிள் 40 கம்பியில இருந்து 80 ஆனதும் இதே காரணத்துக்குத்தான், பின் அதே 40, கூடின 40ம் ரெண்டு சிக்னலுக்கு நடுவில ஓடுற கிரவுண்ட்.

கேபிள் இல்லாததையும் கேபிள் எண்டு நினைச்சு ஏமாறக்கூடாது. ரிவிக் கண்ணாடியின்ட ஓரத்தில மண்ணிறத்தில குறுகலாத் தொங்கிற பிலிம் துண்டுகள், நடுவில ஒரு சிப் இருக்கும், அது சொக்கெட்டில பூட்டினதில்லை. உலோகத் துணிக்கை கலந்த ஒரு பசையை வைச்சுச் சூட்டோட அழுத்தி ஒட்டினது, அழுத்தின திசையில மட்டும் கரண்ட் போகும், பக்கத்துக்குப் போகாது. ரிவியில நெடுக்கா ஒரு கோடு விழுந்து, ஓரத்தை அழுத்தினால் போய் விட்டால் வருதெண்டால் பெரும்பாலும் அந்த ஒட்டுத்தான் விலகியிருக்கு. அதைத் திருப்பி ஒட்ட மெஷின் வேணும், சாதாரண அயன் பெட்டியாலயோ ஹொட் எயாராலயோ சரியா வராது. அங்க காசைச் செலவழிக்க முதல் ரெண்டு தரம் யோசிக்கலாம்.

இனி வாங்கிற விசயம். இது நான் கிளிநொச்சி அறிவியல்நகர் கம்பஸில படிக்கிற பிள்ளையளுக்கும் சேர்த்துச் சொல்லுறன், ஏனெண்டால் ராஸ்பெரி பை எண்ட சின்னக் கொம்பியூட்டர் போர்ட்டின்ட கமராவுக்கு வாற கேபிளும் இதே இனம், சாதாரண மொடல்களில 15 பின் 1 மில்லிமீற்றர், சீரோவிலயும் பை 5லயும் 22 பின் 0.5 மில்லிமீற்றர், மாறி வாங்கிப்போட்டு முழிக்கிற ஆக்கள் இருக்கினம். இடைவெளியைக் கண்ணால மதிக்க வேண்டாம். பள்ளிக்கூட அடிமட்டத்தை வைச்சு முதல் கம்பியின்ட நடுவில இருந்து கடைசிக் கம்பியின்ட நடு வரைக்கும் அளந்து, கம்பி எண்ணிக்கையில ஒண்டு குறைச்சு வாற எண்ணால பிரியுங்கோ. சரி பாக்க இன்னொரு வழி இருக்கு, கேபிளின்ட முழு அகலம் பொதுவா இடைவெளியைப் பின் எண்ணிக்கையோட ஒண்டு கூட்டிப் பெருக்கினதா வரும், 30 பின் 0.5 எண்டால் 15.5 மில்லிமீற்றர், 15 பின் 1 மில்லிமீற்றர் எண்டால் 16. ரெண்டு கணக்கும் ஒத்துப்போனால் பிழைக்காது.

கேபிளில கறுப்பு மையால ஏடபிள்யூஎம் 20624 80சி 60வி விடபிள்யூ-1 எண்டு அச்சடிச்சிருக்கும், அதைப் பாத்து அதுதான் மொடல் நம்பர் எண்டு தேடினால் ஆயிரம் விதக் கேபிள் வரும். 20624 எண்டது பிலிமும் கட்டமைப்பும் எந்த வகை எண்டதுக்கான நம்பர், 80 எண்டது தாங்கிற வெப்பநிலை, 60 வோல்ற்று, கடைசியில வாறது நெருப்புப் பிடிச்சால் தானா அணையிற சோதனை. பின்னும் நீளமும் அதில இல்லை.

கடைசியா, கூடப் பிழைக்கிற இடம், முனைகளின்ட பக்கம். கேபிளை மேசையில நேரா விரிச்சு வைச்சால் ரெண்டு முனையிலயும் செம்பு மேல தெரிஞ்சால் அது ஏ ரகம், ஒரு முனையில மேலயும் மற்ற முனையில கீழயும் எண்டால் டி ரகம். மாறி எடுத்தால் நீலப் பட்டைப் பக்கம் பல்லில படும், ஒண்டுமே வேலை செய்யாது, அது கூடப் பரவாயில்லை, தொடட்டும் எண்டு கேபிளை முறுக்கி ஒரு முனையை மட்டும் பிரட்டிச் செருகினால் முதல் பின்னில வரவேண்டியது கடைசிப் பின்னில வரும், கிரவுண்ட் இருக்கவேண்டிய இடத்தில கரண்ட் போய் நிக்கும். அதால ஆருக்கும் சொல்லி எடுப்பிக்கேக்க பின் எத்தினை, இடைவெளி எவ்வளவு, முனை தொடக்கம் முனை வரைக்கும் நீளம் எவ்வளவு, ஏயா டியா, முலாம் மஞ்சளா வெள்ளையா, வெள்ளித் தாள் சுத்தினதா, ஓடிற இடத்துக்கா சும்மா இருக்கிற இடத்துக்கா எண்டு இவ்வளவையும் எழுதி, ரெண்டு முனையையும் அடிமட்டத்தோட சேர்த்துப் படம் எடுத்து வைபரிலயோ வட்ஸ்அப்பிலயோ அனுப்புங்கோ. நீளம் சரியாக் கிடைக்காட்டி பத்துப் பதினைஞ்சு மில்லிமீற்றர் கூட எடுக்கலாம், குறைய எடுக்கக்கூடாது, கூடின நீளத்தை மடிக்காமல் ஒரு பெரிய வளைவா விட்டு ஓரத்தில ரேப் ஒட்டி வையுங்கோ. அதுவும் கிடைக்காட்டி கடையில கழிச்சு விட்ட பழைய பிரிண்டர் ஒண்டைக் கேட்டுப் பாருங்கோ, ஒரு ஸ்கானர் பிரிண்டருக்குள்ள நாலைஞ்சு நல்ல கேபிள் இருக்கும், அதில ஓடாமல் சும்மா கிடந்த கேபிளைப் பாத்துக் கழட்டி, நேரா வைச்சு, முனையைத் தொடாமல் ஒரு கொப்பிக்குள்ள செருகி வைச்சால் தேவைப்படுற நேரத்துக்கு எடுக்கலாம்.